மோசல் ஆற்றங்கரைச் சாலைகள்: ரோடு பைக்கில் எல்லாப் பருவங்களிலும்

மோசல் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, எந்தக் கரையில் என்றுதான். ஜெர்மனியில் டிரியர் நகரத்துக்கும் கோப்லென்ஸுக்கும் நேர்கோட்டுத் தூரம் 100 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆறு அதே தூரத்தைக் கடக்க 190 கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. கொசுவிய சேலை மடிப்பு போல அது திரும்பித் திரும்பிப் போவதால், ஒவ்வொரு வளைவிலும் வெயில் ஒரு கரைக்கும் நிழல் மறு கரைக்கும் போய்விடுகிறது. வாகன நெரிசலும் அப்படித்தான் கரை மாறுகிறது. பல ஆண்டுகளாக ரோடு பைக்கில், அதாவது மெல்லிய டயர் கொண்ட வேக சைக்கிளில், இங்கே ஓட்டி வருகிறேன். நல்ல நாளுக்கும் சலிப்பான நாளுக்கும் உள்ள வித்தியாசம், எந்தப் பாலத்தில் கரை மாறினேன் என்பதில்தான் இருந்திருக்கிறது.

ஆற்றோடு போனால் இறக்கம், எதிர்த்துப் போனால் ஏற்றம் என்று புதிதாக வருகிறவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. டிரியரிலிருந்து கோப்லென்ஸ் வரை மொத்தச் சரிவு ஏறத்தாழ 65 மீட்டர்தான். அதுவும் ஒரே சீராக இல்லை. 1950களின் இறுதியில் தொடங்கி 1964 வரை நடந்த பணியில், பெரிய சரக்குப் படகுகள் போகும்படி ஆற்றின் குறுக்கே தடுப்பணைகள் கட்டப்பட்டன. டிரியர் முதல் கோப்லென்ஸ் வரை பத்து அணைகள் இருக்கின்றன. இரண்டு அணைகளுக்கு நடுவே தண்ணீர் குளம் போல நிற்கிறது, கரையோரச் சாலையும் ஏறக்குறைய சமமாகவே ஓடுகிறது. கால்களைச் சோதிப்பது காற்று. இந்தப் பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காற்று, வடகிழக்கு நோக்கிப் போகும் ஆற்றோடு சேர்ந்து வருகிறது. நீண்ட தூரம் போகிறவர்கள் டிரியரில் தொடங்குவது நல்லது. ஆனால் வளைவுகளுக்குள் பின்காற்று சில நிமிடங்களில் முகத்தில் அடிக்கத் தொடங்கும். அடுத்த திருப்பத்தில் மறுபடி முதுகுக்கு வரும். ஒரே வேகத்தில் ஓட்டியே தீருவேன் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு ஒத்துவராது. உழைப்பை ஒரே அளவில் வைத்துக்கொண்டு, வேகத்தை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி கோகெம் ஊருக்கு மேலே, ஆறு வரும் திசையில் இருக்கிறது. அங்கே ஆறு பெரிய வளையம் போடுகிறது. 1879இல் திறக்கப்பட்ட 4,205 மீட்டர் ரயில் சுரங்கம் கோகெமையும் எடிகர்-எல்லரையும் மலையைக் குடைந்து இணைக்கிறது. அதே இரண்டு ஊர்களுக்கு இடையில் ஆறு 20 கிலோமீட்டருக்கும் மேல் சுற்றுகிறது. ரயிலில் போகிறவர்கள் சில நிமிட இருட்டில் இழந்துவிடும் அந்தச் சுற்றுதான் சைக்கிள்காரர்களுக்குச் செல்வம். இதில் நான் எப்போதும் வலக்கரையில், அதாவது ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வலப்புறம் வரும் கரையில் போகிறேன். கோகெமின் எதிர்க்கரையிலிருந்து வால்விக், புருட்டிக்-ஃபாங்கல், பைல்ஷ்டைன், பிரீடர்ன், மெசனிக் என்று சிற்றூர் சிற்றூராகச் சாலை போகிறது. பி 49 நெடுஞ்சாலை எதிர்க்கரையில் ஓடுவதால் லாரிகளும் கேம்பர் வண்டிகளும் மோட்டார் சைக்கிள் கூட்டங்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விடுகின்றன. வலக்கரையில் நம் சங்கிலியின் சத்தம் நமக்குக் கேட்கும். சென்ஹைம் பாலத்தில் இடக்கரைக்கு மாறி, எடிகர்-எல்லரைத் தாண்டி பிரெம் வரை போக வேண்டும். அந்தக் கடைசிப் பகுதியில் நெடுஞ்சாலை நெரிசலைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் தலைக்கு மேலே கால்மோண்ட் நிற்கிறது. ஐரோப்பாவின் மிகச் செங்குத்தான திராட்சைச் சரிவுகளில் ஒன்று அது. டிராக்டர் ஏற முடியாத அந்தச் சரிவில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஊர்ந்து ஏறும் சிறு வண்டிகளில்தான் ஆட்களும் சுமையும் போகின்றன. சைக்கிளில் குனிந்தபடி போனால் இதில் பாதிகூடத் தெரியாது. நிறுத்தி, அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சைக்கிள் பாதையா, சாலையா என்பது அடுத்த கேள்வி. ஆற்றங்கரை முழுவதும் மோசல் சைக்கிள் பாதை இருக்கிறது. குழந்தைகளோடும் மூட்டை முடிச்சுகளோடும் மெல்லப் போகிறவர்களுக்கு அருமையான பாதை. ரோடு பைக்குக்கு அது பல இடங்களில் பொருந்துவதில்லை. ஊர்களுக்குள் கருங்கல் பாவிய தரை, படகுத்துறைகளுக்கு அருகே சுற்றுலாக் கூட்டம், சில இடங்களில் மர வேர்கள் தூக்கிவிட்ட தார். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் வரைந்த பலகை சாலையோரப் பாதையில் நின்றால், அந்தப் பாதையைத்தான் பயன்படுத்த வேண்டும். வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்து என்றால் அது வழிகாட்டி மட்டுமே, சாலையில் ஓட்ட உரிமை உண்டு. 2020 முதல், சைக்கிளை முந்தும் மோட்டார் வாகனம் ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும். பெரும்பாலான ஓட்டுநர்கள் விடுகிறார்கள். வெயில் அடிக்கும் ஞாயிறு பிற்பகலில் அதை நம்பி நெடுஞ்சாலையில் போகும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அமைதியான கரையைத் தேடுங்கள், அல்லது மலைக்கு ஏறிவிடுங்கள்.

மலை என்றதும் தயங்க வேண்டாம். வடக்கே ஐஃபெல், தெற்கே ஹுன்ஸ்ரூக். ஆற்றங்கரையிலிருந்து இரண்டுக்கும் ஏறும் கொண்டை ஊசிச் சாலைகள் ஏராளம். மேட்டுநிலம் வரை போனால் 300 மீட்டர் அளவுக்கு உயரம் கூடும். முன்பக்கம் 34 பல், பின்பக்கம் 32 அல்லது 34 பல் கொண்ட கியர் இருந்தால் முழங்கால் நன்றி சொல்லும். எங்கிர்ஷிலிருந்து ஸ்டார்கன்புர்க் ஏறும் சாலை குறுகியது, ஆனால் மேலே முகட்டில் நின்றால் ஆறு கீழே வளைந்து போவது தெரிகிறது. எதிர்க்கரையில் ட்ராபனுக்கு மேலே மோன் ருவாயால் குன்று இருக்கிறது. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி 1687இல் கட்டத் தொடங்கிய பெரிய கோட்டை அங்கே இருந்தது. பத்தே ஆண்டுகளில், 1697இன் ரைஸ்விக் சமாதான உடன்படிக்கைக்குப் பின் அதை இடித்துவிட்டார்கள். அவ்வளவு கல்லையும் அந்த மேட்டுக்கு ஏற்றியவர்களை, அங்கே மிதித்து ஏறும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். மிதமான ஏற்றம் வேண்டுமானால் பெர்ன்காஸ்டல்-கூஸிலிருந்து டௌன் வரை பழைய ரயில் வழித்தடத்தில் போடப்பட்ட மாரே-மோசல் பாதை இருக்கிறது. 58 கிலோமீட்டர், சுரங்கங்களும் உயரமான பாலங்களும் வழியில் வருகின்றன.

டயர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 25 மில்லிமீட்டர் அகலத்தில் தொடங்கினேன், இப்போது 30. இந்தச் சரிவுகளின் மண் பெரும்பாலும் சிலேட்டுக்கல். மழைக்குப் பின் அதன் கூரிய சில்லுகள் தோட்டங்களிலிருந்து வழிந்து சாலையோரத்தில் கிடக்கும். செப்டம்பர், அக்டோபர் அறுவடையில் டிராக்டர் சக்கரங்கள் சேற்றையும் சேர்த்துக் கொண்டுவரும். சற்று அகலமான, பக்கச்சுவர் தடித்த டயருக்கு மாறிய பிறகு பங்சர் அரிதாகிவிட்டது. வேகத்தில் இழப்பு எதையும் நான் உணரவில்லை.

பருவங்களில் எனக்கு மே மாதமும் அக்டோபரும் போதும். கோடையில் சிலேட்டு பகல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தெற்கு நோக்கிய கரையில் மாலையிலும் அனல் அடிக்கும். அப்போது காட்டை ஒட்டிய நிழல் கரைதான் புகலிடம். குளிர்காலத்தில் அதே நிழல் கரை ஆபத்தானது, நண்பகலிலும் உறைபனி உருகாமல் கிடக்கும். இலையுதிர் காலையில் பள்ளத்தாக்கு மூடுபனியில் மூழ்கியிருந்தால் நேராக மேட்டுக்கு ஏறிவிடுவேன். பல நாள்களில் மேலே வெயில் இருக்கும். குளிர்கால வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது தாழ்வாக இருக்கும் சைக்கிள் பாதை. 1993 டிசம்பர் வெள்ளத்தின் நீர்மட்டக் குறிகள் கரையோர வீட்டுச் சுவர்களில் இன்றும் இருக்கின்றன. தண்ணீர் வடிந்த பின் தங்கும் வண்டல் ஈரமாக இருக்கும்வரை சோப்புத் தரையைவிட மோசம், சாலையிலேயே போங்கள்.

திரும்பி வரும் வழியை முன்பே யோசித்து வைக்க வேண்டும். பிரெமுக்குச் சற்று மேலே இருக்கும் புல்லாய் என்ற ஊருக்குக் கீழே ரயில் ஆற்றை ஒட்டியே கோப்லென்ஸ் வரை வருகிறது, சுரங்கம் உள்ள அந்த வளையத்தைத் தவிர. புல்லாய்க்கு மேலே முதன்மை ரயில் பாதை ஆற்றை விட்டு விலகி விட்லிக் பக்கம் போய்விடுகிறது. ஒரு சிறு கிளைப்பாதை ட்ராபன்-ட்ரார்பாக் வரை வருகிறது. பெர்ன்காஸ்டலில் ரயிலே இல்லை. அங்கே களைத்துப் போனால், பருவகாலத்தில் சைக்கிள்களுக்கான இழுவண்டியோடு டிரியருக்கும் புல்லாய்க்கும் இடையே ஓடும் பஸ்தான் துணை. இடம் குறைவு என்பதால் வார இறுதிக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.