ஸ்டேக் ஏறியதும் தொடர் தோல்வி: ஷாட் விதி, ஸ்டாப்-லாஸ், ஈவி கோடு எவ்வளவு தூரம் உதவுகின்றன?

போக்கரில் ஒரு படி மேலான ஸ்டேக்குக்கு, அதாவது பெரிய பந்தய அளவுக்குப் போனதும் பணம் பை-இன் பை-இன்னாகக் (மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை, இங்கே 100 பிக் பிளைண்ட்) கரையத் தொடங்கினால், பெரும்பாலானோர் நம்பி நிற்பது மூன்றை: ஷாட்டுக்கென்று (மேல் ஸ்டேக்கில் ஆடிப் பார்க்கும் முயற்சிக்கு) ஒதுக்கிய பணம், அன்றைய ஸ்டாப்-லாஸ் (இவ்வளவு போனால் எழுந்துவிடும் வரம்பு), ட்ராக்கரில் (ஆட்டங்களைப் பதியும் மென்பொருளில்) ஓடும் ஆல்-இன் ஈவி கோடு (முழுப் பணமும் வைத்த ஆட்டங்களில் சராசரியாக வரவேண்டியதைக் காட்டுவது). சில நாள் பயன்பாட்டில் மூன்றும் ஒரே மாதிரி உதவுவதாகத் தோன்றும். லட்சக்கணக்கான ஹேண்டுகள் (ஒரு முறை சீட்டு போட்டு ஆடி முடிப்பது ஒரு ஹேண்டு) ஓடிய பிறகு அப்படியில்லை.

முதலில் கணக்கு. 6 பேர் மேசை நோ-லிமிட் ஹோல்டமில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் (முடிவுகள் சராசரியிலிருந்து விலகும் அளவு) பெரும்பாலும் 100 ஹேண்டுக்கு 75 முதல் 100 பிக் பிளைண்ட் (இரண்டு கட்டாயப் பந்தயங்களில் பெரியது, சுருக்கமாக பிபி) வரை இருக்கும். உங்களுடைய எண்ணை ட்ராக்கரே காட்டும். அதை 90 என்று வைத்து, 100 ஹேண்டுக்கு 3 பிபி ஜெயிக்கும் நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். 10,000 ஹேண்டில் அவருக்கு வரவேண்டிய லாபம் 300 பிபி. ஏற்ற இறக்கமோ 900 பிபி, அதாவது 9 பை-இன். அத்தனை ஹேண்டுக்குப் பிறகும் அவர் நஷ்டத்தில் இருக்க 37% வாய்ப்பு உண்டு. 50,000 ஹேண்டில் அது 23%. 1,00,000 ஹேண்டில்கூட ஏறக்குறைய 15%. ஏறிய முதல் சில ஆயிரம் ஹேண்டின் முடிவை வைத்து “இந்த ஸ்டேக் நமக்கு ஆகாது” என்றோ “வெறும் துரதிர்ஷ்டம்” என்றோ தீர்ப்பு எழுதுபவர், எந்தப் பக்கம் எழுதினாலும் ஊகத்தைத்தான் எழுதுகிறார்.

மூன்றில் நீண்ட காலம் தாக்குப்பிடிப்பது ஷாட் விதி. ஆனால் அது எதற்கு என்று புரிந்திருக்க வேண்டும். அதே 3 பிபி ஆட்டக்காரர் 5 பை-இன்னோடு மேலே போய் இடையில் இறங்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், அந்த 5-ஐயும் இழக்க 69% வாய்ப்பு. 20 பை-இன் இருந்தால் 23%, 30 இருந்தால் 11%, 40 இருந்தால் 5%. மேலே எதிராளிகள் கடினமாகி வெற்றி விகிதம் 2-க்கு இறங்கினால் 30 பை-இன்னுக்கான எண்ணும் 23% ஆகிவிடும். ஆகவே 5 பை-இன் ஷாட் தோற்பதுதான் வழக்கம். தோற்றாலும் அடிமடியில் கைவைக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. ஸ்டேக் இரட்டிப்பாகிறது என்றால் மேலே 5 பை-இன் என்பது கீழே 10 பை-இன். கீழ் ஸ்டேக்கில் 40 பை-இன் சேர்ந்த பிறகு ஏறினால், ஷாட் முழுதும் போனாலும் 30-ல் வந்து நிற்கலாம். இந்தக் கணக்கில் வாடகைப் பணமும் சாப்பாட்டுப் பணமும் சேராது.

விதி உடையும் இடம் ஒன்றுதான்: 5-வது பை-இன் போனதும் “விட்டதை இங்கேயே பிடித்துவிட்டு இறங்கலாம்” என்று 6-வதைப் போடுவது. இறங்கும் எண்ணை ஏறும் முன்பே எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யும் எண் எப்போதும் ஒன்று கூடுதலாகவே வரும்.

ஸ்டாப்-லாஸுக்குக் கிடைக்கும் மரியாதை அதிகம். 3 பை-இன் போனதும் எழுந்துவிடுவதால் அடுத்த ஹேண்டின் எதிர்பார்ப்பு மாறாது. நாளை ஆடினாலும் அதே வேரியன்ஸ்தான் (அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கம்). டில்ட் ஆகும் (தோற்ற ஆத்திரத்தில் நிதானம் இழக்கும்) ஆளுக்கு அது உதவும், அவ்வளவே. பலவீனமான எதிராளிகள் நிறைந்த மேசையை, இரண்டு கூலர் (நல்ல கை அதைவிடப் பெரிய கையோடு மோதித் தவிர்க்க முடியாமல் தோற்பது) வாங்கியதற்காக விட்டுப்போவது நஷ்டம். அதைவிட, ஒரே நேரத்தில் ஆடும் மேசைகளை 4-லிருந்து 2-ஆகக் குறைப்பது நல்ல பலன் தருகிறது.

டில்ட்டை அன்றைய விபிஐபி (தானாக விரும்பிப் பணம் போட்ட ஹேண்டுகளின் சதவீதம்) காட்டிக்கொடுக்கும் என்பவர்களும் உண்டு. 25 விபிஐபி ஆடுபவருக்கு 200 ஹேண்டில் அது 19 முதல் 31 வரை சீட்டு விழுவதை வைத்தே அலையும். யோசிக்காமல் ‘கால்’ (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகப் போடுவது) அழுத்திய ஹேண்டுகளை அப்போதே குறியிட்டு வைப்பது இதைவிட நம்பகமானது.

ஈவி கோடுதான் மிக அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவது. ரிவருக்கு (கடைசிப் பொதுச் சீட்டுக்கு) முன் ஆல்-இன் ஆன பானைகளில் (பந்தயப் பணம் சேர்ந்த தொகை) சீட்டு விழுந்த அதிர்ஷ்டத்தை மட்டுமே அது சரிசெய்கிறது. ஆளுக்கு 100 பிபி இருக்கும்போது ஃப்ளாப்புக்கு (முதல் மூன்று பொதுச் சீட்டுகளுக்கு) முன்பே உங்கள் ராஜா ஜோடி ஏஸ் ஜோடியோடு ஆல்-இன் மோதினால் உங்கள் பங்கு சுமார் 18%. ஈவி கோடும் ஏறக்குறைய 64 பிபி சரியும். ஆட்டத்தில் பிழை இல்லை, ஆனாலும் கோடு பிழை செய்தது போலக் காட்டும். ராஜா ஜோடி கையில் இருக்கும்போது குறிப்பிட்ட ஒரு எதிராளியிடம் ஏஸ் ஜோடி இருக்க 204-ல் 1 வாய்ப்பு. 5 எதிராளிகளையும் சேர்த்தால் சுமார் 41-ல் 1. செட்டுக்கு மேல் செட்டும் (இருவர் கை ஜோடியும் மூன்றாகி மோதுவது) இந்த ரகம்தான். ஈவி கோடும் கீழே போகிறது என்பதற்காக மட்டும் ஆட்டத்தை மாற்றத் தொடங்கினால், சரியாக இருந்த பகுதியும் கெட்டுப்போகும்.

மேலே போனதும் உண்மையில் கசியும் இடம் பெரிய பானைகளில் தெரிவதில்லை. நஷ்டத்தை இறங்குவரிசையில் அடுக்கிப் பார்த்தால் கூலர்கள்தான் முதலில் வந்து நிற்கும். ஃபோல்ட் செய்த (சீட்டைக் கைவிட்ட) ஹேண்டுகளை மட்டும் பிரித்தெடுங்கள். நீங்கள் கட்ஆஃபிலிருந்து (பட்டனுக்கு முந்தைய இருக்கை) 2.5 பிபிக்குத் திறக்கிறீர்கள் (முதல் ஆளாக உயர்த்துகிறீர்கள்), பட்டன் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இருக்கை) 7.5-க்கு 3-பெட் (அதன்மேல் மறுபடி உயர்த்துவது) போடுகிறார். பிளைண்டுகளோடு சேர்த்து அங்கே கிடப்பது 4 பிபி. அதைப் பிடிக்க அவர் 7.5 பணயம் வைக்கிறார், ஆக 65% தடவை எல்லோரும் ஒதுங்கினால் போதும், எந்தச் சீட்டோடும் அவருக்கு முதலுக்கு மோசம் வராது. மேல் ஸ்டேக்கில் 3-பெட் அடிக்கடி வரும். புதிதாக ஏறியவர் பயத்தில் 75% விட்டுக்கொடுப்பார். ஒவ்வொன்றிலும் போவது 2.5 பிபிதான் என்பதால் கண்ணில் படாது. கொஞ்சம் குறைவாகத் திறப்பதும், ஒரே சூட் (ஒரே சின்னம்) உயர்சீட்டுகளில் சிலவற்றைக் கால் செய்வதும், ஒரே சூட் ஏஸ்-5 போன்றவற்றால் சில நேரம் 4-பெட் (3-பெட்டுக்கு மேல் மறுபடி உயர்த்துவது) போடுவதும் இதற்கு மருந்து.

அடுத்த கசிவு ரிவரில். முக்கால் பானை பெட்டுக்குக் கால் செய்ய 30% ஜெயித்தால் போதும். பணம் பெரிதாகத் தெரிவதால் அந்த 30% இருந்தும் கை ஃபோல்டுக்குப் போகும். இரண்டாம் ஜோடியோடு (பொதுச் சீட்டுகளில் இரண்டாவது பெரியதோடு சேரும் ஜோடி) மெல்லிய வேல்யூ பெட் (சற்றுப் பலவீனமான கை கால் செய்யும் என்று போடும் பந்தயம்) போடாமல் செக் செய்வதும் (பந்தயமின்றிக் கடத்துவதும்) அதே பயத்தின் வேலை. இந்த இரண்டையும் பார்க்க, ரிவரில் செக் செய்தோ ஃபோல்ட் செய்தோ முடிந்த ஹேண்டுகளில் 40-ஐ எடுத்து, முடிவை மறைத்துவிட்டு மறுபடி யோசித்தால் போதும்.

கீழே இறங்கியதும் அலட்சியமாக ஆடுவது ஒரு தனிச் செலவு. அங்கே 30 மறுபடி 40 ஆகும்வரை அடுத்த ஷாட் வேண்டாம். அதற்குள் 3-பெட்டுக்கு ஃபோல்ட் செய்யும் சதவீதம் 60-க்குக் கீழ் வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டு ஏறலாம்.