சேலத்தில் மூன்று நாள், ஏற்காட்டில் ஒரு பகல்

இந்த ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தபோது, பிளஸ் டூவில் கூடப் படித்த ஏழு பேரைச் சேலத்தில் சந்தித்தேன். டொரண்டோவிலிருந்து இதேபோலக் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்று, எது சரியாக நடந்தது, எங்கே இடித்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் படித்தது ராசிபுரம் பக்கம். 1995-இல் பள்ளியை முடித்தபோது நாமக்கல் இன்னும் தனி மாவட்டம் ஆகவில்லை. அது 1997-இல்தான் பிரிந்தது. அதனால் எங்களுக்கு எல்லாமே சேலம்தான். தீபாவளித் துணி, கண் டாக்டர், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு, எதுவானாலும் பஸ் ஏறி இங்கேதான் வருவோம். இப்போது எங்களில் நாலு பேர் சேலத்திலேயே குடியிருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து கோவை வந்தே பாரத்தில் வந்தேன். மூன்றரை மணி நேரம்தான். டிக்கெட்டைத் தோழி ஒருத்தி எடுத்துக் கொடுத்துவிட்டாள். பணம் கொடுக்கும் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். கனடா நம்பரிலேயே யுபிஐ வைத்துக்கொள்ள 2023-இல் அனுமதி வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் போதும். ஆனால் அதைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். நான் முடித்து வைத்திருந்ததால், பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் எட்டுப் பேர் சாப்பிட்ட தட்டுவடை செட்டுக்கு நானே காசு கொடுக்க முடிந்தது. பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், இரண்டு சட்னி, மேலே இன்னொரு தட்டுவடை. அடுத்து நொறுக்கல். அந்த ருசியில் ஒரு மாற்றமும் இல்லை.

தங்குமிடம்தான் இடித்தது. முன்பதிவு செய்திருந்த ஒரு சின்ன விடுதியில், வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றதும் ரூம் இல்லை என்றார்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விடுதி அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும். சி-ஃபார்ம் என்று சொல்வது அதைத்தான். அந்த வசதி அவர்களிடம் இல்லையாம். பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்கலாம். இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியோடு நின்றது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. ரூம் போடும்போதே, "சி-ஃபார்ம் போடுவீங்களா?" என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்னங்குறிச்சியில் இருக்கும் தோழிதான் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். சின்ன வயதிலேயே போலியோ வந்து, ஊன்றுகோலோடு நடப்பவள். வங்கியில் வேலை. வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை முழுக்கத் தெரிகிறது. அன்று இரவு அங்கே உட்கார்ந்து மலை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிளஸ் ஒன்னில் நாங்கள் ஏற்காடு டூர் போன பேச்சு வந்தது. "உனக்குத்தான் அன்னிக்குக் காய்ச்சல், பாவம்" என்றேன்.

"காய்ச்சல் எல்லாம் இல்லடி. அந்த பஸ் படி எவ்ளோ உசரம் தெரியுமா? ரெண்டு பேரு தூக்கித்தான் ஏத்தணும். எனக்குப் பிடிக்கல. அதான் காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

முப்பது வருடம் நான் அந்தக் காய்ச்சலை நம்பியிருக்கிறேன். மலை அடிவாரத்திலேயே இத்தனை வருடம் குடியிருந்தும் அவள் மேலே போனதில்லை. மறுநாள் காலையிலேயே வேன் பேசினோம். செவ்வாய்க்கிழமை, பொங்கல் கூட்டமும் கலைந்திருந்தது.

இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை அந்த வேன் டிரைவருடையது. யாரும் கேட்கவில்லை, அவள் வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் படிக்குக் கீழே போட்டார். "எங்கம்மாவுக்கு முட்டி வலிங்க்கா, அதுக்கோசரம் வண்டியிலேயே வெச்சிருக்கேன்" என்றார். அவள் ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்து, தானே ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பேசிய வாடகைக்கு மேல் அவர் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

போகாத மலையைப் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவையும் விடாமல் எண்ணினாள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காப்பிச் செடி கொண்டு வந்தார் என்று, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே செடியைக் காட்டிச் சொன்னாள். வழியெல்லாம் அவள்தான் எங்களுக்கு கைடு.

நடக்கச் சிரமப்படுகிறவர்களோடு போனால் கிளியூர் அருவியை விட்டுவிடுங்கள், படிகள் நிறைய. பகோடா பாயின்ட் நல்லது. வண்டி பக்கத்திலேயே போகும், கொஞ்ச தூரம்தான் நடை. வழியில் நாங்கள் நின்ற ஒரு சாப்பாட்டுக் கடையில் கழிப்பறைக்கு நாலு படி, பிடிக்க ஒரு கம்பி கூட இல்லை. அவள் போகாமலே திரும்பினாள். இத்தனை பேர் வந்து போகிற இடத்தில் ஒரு சாய்தளம் கட்டுவது பெரிய செலவே இல்லை. கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தோம்.

ஏரியில் துடுப்புப் படகு எடுத்தோம். படகுக்காரர் படகைக் கரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் உட்காரும் வரை அவசரப்படுத்தாமல் நின்றார். நடு ஏரியில் அவள் தண்ணீரில் கையை விட்டபடி வந்தாள். நாங்கள் யாரும் பேசவில்லை.

குப்பனூர் வழியாக இறங்கும்போது இருட்டிவிட்டது. அடுத்த தடவை கொல்லிமலை என்று அவளே ஆரம்பித்தாள்.

"அங்க எழுபது வளைவுங்க்கா" என்றார் டிரைவர்.

"ஸ்டூல் இருக்குதுல்ல?" என்றாள்.