மெட்டலுக்காக வாங்கிய பழைய கிட்டார்: நான்கு வருடத்துக்குப் பிறகு

ஆம்பில் (கிட்டாரின் ஒலிபெருக்கியில்) கெயினை ஏற்றி வைத்து ஒரு ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கை) வாசித்துவிட்டு உள்ளங்கையால் கம்பிகளைச் சட்டென்று அமுக்கினேன். சத்தம் நிற்கவில்லை. கம்பிகள் அசையாமல் கிடக்க, கிட்டாரின் முதுகுக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம் இழுத்துக்கொண்டே போனது. வாங்கி வந்த அன்று இரவே கேட்டது இது. மெட்டல் இசையில் ஒரு ரிஃப் கனமாக விழ வேண்டுமென்றால் அடிக்கும் அடிக்கும் நடுவே கிட்டார் சுத்தமாக வாயை மூட வேண்டும். இந்தப் பழைய கிட்டாரை அப்படி மூட வைக்கத்தான் நான்கு வருடத்தில் பெரும்பாலான உழைப்பு போயிருக்கிறது.

கிட்டாரைப் பற்றிச் சுருக்கமாக: 25.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 24 ஃபிரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), போல்ட் போட்டு முடுக்கிய மேப்பிள் நெக், ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு, இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது), கம்பிகளை இரண்டு முனையிலும் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் வகை மிதக்கும் பிரிட்ஜ். பிராண்டைச் சொல்லவில்லை. பழைய கிட்டாரில் முன்பு வைத்திருந்தவரின் கைப்பழக்கமே பெரிது. ஒரே மாடலில் இரண்டு கிட்டார் இரண்டு விதமாக இருக்கும்.

பார்க்கப் போனபோது விற்றவர், "தம்பி, பிளக் பண்ணி வாசிச்சுப் பாருங்க, சவுண்டு அள்ளும்" என்றார். நான் முதலில் பிளக் பண்ணவில்லை. ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கின் ஓரம் நெடுகப் பார்த்தேன். லேசான வளைவு இருந்தது, முறுக்கு இல்லை. வளைவை நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் சரிசெய்யும். முறுக்கிக்கொண்ட நெக்கை அது காப்பாற்றாது. பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி வாசித்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனாலும் 24 ஃபிரெட்டில் ஒன்று மட்டும் மேலெழும்பி நின்றால் வேறெப்படியும் தெரியாது. நெக் உடலோடு சேரும் இடத்தில் மரம் விரிசல் விட்டிருக்கிறதா, ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்புகிறதா என்றும் பார்த்தேன்.

இந்த வகை பிரிட்ஜ் உள்ள பழைய கிட்டாரில் இன்னும் இரண்டைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். ஒன்று, பூட்டு ஸ்க்ரூக்களின் அறுகோணக் குழிகள். முன்பு வைத்திருந்தவர் மூர்க்கமாக முறுக்கியிருந்தால் அவை தேய்ந்து வட்டமாகிவிடும்; அப்புறம் கம்பி மாற்றுவதே பெரும்பாடு. இரண்டு, பிரிட்ஜ் இரண்டு தூண்களில் சாய்ந்து நிற்கும் கத்தி போன்ற விளிம்பு. பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடியான பாரை முழுக்க அழுத்தி விட்டுவிட்டு ட்யூனரைப் பாருங்கள். அதே சுருதிக்குத் திரும்பாவிட்டால் பெரும்பாலும் அந்த விளிம்பு தேய்ந்திருக்கும். என்னுடையது திரும்பியது. அதற்காகவே வாங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

வந்ததும் செய்த முதல் செலவு தவறானது. சத்தம் குழம்பலாக இருக்கிறது என்று பிரிட்ஜ் பக்கத்து ஹம்பக்கரை மாற்றினேன். புதியதன் மின்தடை 14 கிலோ ஓம் அளவு, நல்ல சூடான அவுட்புட். குழப்பம் அப்படியே இருந்தது, இன்னும் சத்தமாக. உண்மையான காரணம் கம்பியில் இருந்தது.

நான் வாசிப்பது டிராப் சி. தடித்த கம்பி இ-யிலிருந்து சி-க்கு இறங்குகிறது, அதாவது 82.4 ஹெர்ட்ஸிலிருந்து 65.4-க்கு. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். எனவே அதே கம்பியை அங்கே இறக்கினால் இழுவிசை ஏறத்தாழ 63 சதவீதம்தான் மிஞ்சும். கிட்டாரில் ஏற்கெனவே இருந்தது 9-42 செட் (கேஜ், அதாவது தடிமன்: மெல்லிய கம்பி 0.009 அங்குலம், தடித்தது 0.042). ஆறாவது கம்பி தொளதொளவென்று ஆடி, அடிக்கும் கணத்தில் சுருதி ஏறி, பிறகு இறங்கியது. எந்த பிக்கப் போட்டாலும் அந்த ஆட்டத்தைத்தானே அது ஆம்புக்கு அனுப்பும்! 10-52 செட்டுக்குப் போனதும் நிலைமை தெளிந்தது. 11-56 போட்டதும் தீர்ந்தது. 25.5 அங்குல ஸ்கேலில் 56 கேஜ் கம்பி சி-யில் நிற்கும் இறுக்கம், 46 கேஜ் கம்பி வழக்கமான இ-யில் நிற்கும் இறுக்கத்தைக் கிட்டத்தட்டத் தொடுகிறது. 24.75 அங்குல ஸ்கேல் கிட்டார் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி தடித்ததைப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் இறுக்கம்தான் வேண்டும் என்பதில்லை. பிளாக் சபாத் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி 17 வயதில் தகரத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகளை இழந்தவர். இடது கைப் பழக்கம் என்பதால் அவர் கம்பியை அழுத்த வேண்டியது அந்தக் கையால்தான். மெல்லிய கம்பிகளும், பின்னர் இறக்கிய சுருதியும் அவர் விரல்களுக்கு வசதியாக அமைந்தன. அவர் தளர்வில் கண்ட கனம் வேறு. நான் வேகமான பாம் மியூட் (உள்ளங்கையை பிரிட்ஜ் பக்கம் வைத்துக் கம்பியை அமுக்கியபடி அடிப்பது) வாசிக்கிறேன், எனக்கு இறுக்கம் தேவை.

இனி பிரிட்ஜ். மிதக்கும் பிரிட்ஜ் என்பது கயிறு இழுக்கும் போட்டி: முன்பக்கம் கம்பிகள், பின்பக்கம் ஸ்பிரிங்குகள். கம்பி தடிமனையோ சுருதியையோ மாற்றினால் சமநிலை கெடும், பிரிட்ஜ் சாயும், முதுகில் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகடான கிளாவின் ஸ்க்ரூக்களைத் திருகி மறுபடி நிமிர்த்த வேண்டும். அது கூடப் பரவாயில்லை. பாம் மியூட் செய்யும்போது உள்ளங்கை பிரிட்ஜின் பின்பகுதியை அழுத்தினால் எல்லாக் கம்பியும் ஒருசேர சுருதி ஏறுவதுதான் தாங்க முடியாதது. ஒரு வருடம் கையை லேசாக வைக்கப் பழகிப் பார்த்தேன். ரிஃப்பின் வேகம் கூடியதும் கை தானாக அழுத்திவிடும்.

கடைசியில் ஒரு கெட்டியான மரத்துண்டை இழைத்து, பிரிட்ஜின் அடிப்பிளாக்குக்கும் நெக் பக்கத்துச் சுவருக்கும் இடையில் செருகினேன். ஸ்பிரிங்கைச் சற்று அதிகமாக முறுக்கிவிட்டால் பிளாக் அந்த மரத்தில் சாய்ந்து நின்றுவிடும். பாரை அழுத்தி சுருதியை இறக்கலாம், மேலே இழுக்க முடியாது. உள்ளங்கை எவ்வளவு அழுத்தினாலும் இப்போது சுருதி அசைவதில்லை; ஒரு கம்பி அறுந்தாலும் மற்ற ஐந்தும் நிற்கின்றன. நான்கு வருடத்தில் இந்தக் கிட்டாருக்கு நான் செய்த நல்ல காரியங்களில் முதலிடம் அந்த மரத்துண்டுக்குத்தான்.

நெக்கில், முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திப் பிடித்து எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் அளந்தால் 0.6 மி.மீ. இடைவெளி இருந்தது. ட்ரஸ் ராடை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் ஒரு நாள் விட்டு, 0.25-க்குக் கொண்டுவந்தேன். மரம் மெதுவாகத்தான் இணங்கும், அவசரப்படக் கூடாது. ஆக்‌ஷனை (கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையிலான உயரத்தை) 12-ஆவது ஃபிரெட்டில் 1.3 மி.மீ.க்கு இறக்கிப் பார்த்தேன், லீட் வாசிக்கச் சுகமாக இருந்தது. ஆனால் தடித்த கம்பியை ஓங்கி அடித்தால் ஃபிரெட்டில் உரசி நோட்டின் ஆயுள் பாதியாகிறது. தடித்த பக்கம் 1.8, மெல்லிய பக்கம் 1.5 என்பதில் நின்றுவிட்டேன்.

இன்டொனேஷன், அதாவது நெக் நெடுகச் சுருதி சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது, இந்த பிரிட்ஜில் சலிப்பான வேலை. கம்பியைத் தளர்த்தி, அது அமர்ந்திருக்கும் சேடிலை விடுவித்து, கையால் நகர்த்தி, பூட்டி, மறுபடி ட்யூன் செய்து பார்க்க வேண்டும். அழுத்திய 12-ஆவது ஃபிரெட் நோட்டு, அங்கே கம்பியை லேசாகத் தொட்டு அடித்தால் கிடைக்கும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ட்யூனரைப் பார்த்தபடி மெதுவாக மீட்டி அளக்காமல், நீங்கள் வழக்கமாக அடிக்கும் வேகத்திலேயே அடித்து அளங்கள்.

அந்த முதல் இரவின் ரீங்காரத்துக்கு வருகிறேன். நாய்ஸ் கேட் (ஒரு அளவுக்குக் கீழான சத்தத்தை அடைக்கும்) பெடல் வாங்கினேன். அது சத்தத்தை வெட்டியது, கூடவே நீளும் நோட்டுகளின் வாலையும் வெட்டியது. ஒருநாள் முதுகுப் பக்கத்து மூடியைக் கழற்றி, ஆம்ப் ஓடும்போதே ஸ்பிரிங்குகளைச் சுண்டினேன். ஆம்ப் பாடியது! ரீங்காரத்தின் வீடு அதுதான். ஸ்பிரிங்குகளுக்கு அடியில் பஞ்சுத் துண்டை அடைத்ததும் பெரும்பகுதி அடங்கியது. மிச்சம், நெக்கின் முனையில் கம்பிகள் கடந்து போகும் நட்டுக்கு அப்பால் ட்யூனர் வரை ஓடும் குட்டை நீளங்களில் இருந்து வந்தது. ஒரு ஃபெல்ட் துணிப் பட்டையை அங்கே கம்பிகளுக்கிடையே நெய்துவிட்டேன்.

ஹம் (மின் இரைச்சல்) மட்டும் மிஞ்சியது. இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி ஹம்மை ரத்து செய்வதற்காகவே 1955-இல் கிப்சனில் சேத் லவர் ஹம்பக்கரை வடிவமைத்தார். எனவே ஹம்பக்கர் இரைந்தால் வயரிங்கைச் சந்தேகிப்பது நியாயம். வழக்கமாகக் கம்பியில் கை பட்டதும் இரைச்சல் குறையும், இதில் குறையவில்லை. கிளாவில் சால்டர் செய்திருக்க வேண்டிய எர்த் வயர் விட்டுப்போய் உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. தடித்த உலோகம் என்பதால் சிறிய சால்டரிங் அயர்ன் அதைச் சூடாக்கவில்லை, பெரியதைக் கடன் வாங்கி ஒட்டினேன். கண்ட்ரோல் குழியில் செம்புத் தகடு நாடாவை ஒட்டி அதையும் எர்த்துடன் இணைத்தேன். இப்போது கேட் பெடலின் அளவைப் பாதிக்குக் கீழே வைத்திருக்கிறேன், நோட்டுகளின் வால் திரும்பி வந்துவிட்டது.

மாற்றிய பிக்கப்பைக் கழற்றிவிடவில்லை. ஆனால் கம்பியிலிருந்து 3 மி.மீ. தள்ளி இறக்கியதும்தான் அதன் குணம் தெரிந்தது. மிக நெருக்கமாக இருந்தபோது அடியின் முனை மழுங்கிப் போயிருந்தது. வால்யூம் குமிழின் கரகரப்பு காண்டாக்ட் கிளீனர் ஒரு தெளிப்பில் போனது. ஜாக்கின் நட் மூன்று முறை தளர்ந்தது, மூன்றாவது முறை பல் வாஷர் போட்டேன், அதன்பின் ஆடவில்லை.

இப்போது கவலை ஃபிரெட்டுகள். தினமும் ஒரே பகுதியில் ரிஃப் வாசித்ததில், ஆறாவது கம்பிக்கு அடியில் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறது, இரண்டாவதில் நகம் தட்டுகிறது. உரசல் இன்னும் தொடங்கவில்லை. உயரத்தை அளந்தபோது ஒருமுறை மட்டம் இழைக்கும் அளவுக்கு உலோகம் மிச்சமிருக்கிறது. அடுத்த முறை கம்பி மாற்றும்போது நெக்கைக் கழற்றி அந்த வேலைக்குக் கொடுக்கிறேன்.