அணு உலையின் கடிவாளம் யார் கையில்? பிஐடி, எம்பிசி, தானே கற்கும் நிரல்

உன்னிச்சைக் குளத்துத் துருசைக் காலையில் திறந்தால் கடைசி வயலுக்கு உடனே தண்ணீர் வராது. "தண்ணி காணாது" என்ற சத்தம் கேட்டதும் கதவை இன்னும் உயர்த்தினால், பிறகு எல்லாம் சேர்ந்து வந்து வரம்பை உடைக்கும். மட்டக்களப்பில் வயல் செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

அணு உலையிலும் இதே தொல்லைதான், அங்கே அதன் பெயர் செனன்-135. அணுப்பிளவைத் தொடரவைக்கும் நியூத்திரனை விழுங்கும் இந்த வாயு பெரும்பாலும் அயடீன்-135 சிதைந்து உருவாகிறது. அயடீனின் அரை ஆயுள் சுமார் 6.6 மணித்தியாலம், செனனுக்கு 9க்கு மேல். மதியம் சக்தியைக் குறைத்தால் முழு விளைவு இரவில்தான் தெரியும். 1986இல் செர்னோபிலில் உலையின் சக்தியை அடக்கும் கட்டுப்பாட்டுத் தண்டுகளை அளவுக்கு மீறி வெளியே இழுக்க வைத்த காரணங்களில் இதுவும் ஒன்று.

பிஐடி என்பது வழமையான தானியங்கிக் கட்டுப்பாட்டு முறை. அது வேண்டிய அளவுக்கும் இருக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்துத் தண்டை அசைக்கும். எளிமையானது, நம்பலாம், ஒரே சக்தியில் ஓடும் உலைக்குப் போதும். ஆனால் வரப்போகும் செனனை அது யோசிக்காது, அதனால் சூரிய மின்சாரத்துக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டிய சிறிய உலைக்கு அது மட்டும் காணாது.

எம்பிசி, அதாவது முன்கூட்டிக் கணித்துக் கட்டுப்படுத்தும் முறை, வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் அனுபவமுள்ள வட்டவிதானையைப் போன்றது. உலையின் கணித மாதிரியை வைத்து வரும் மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, வெப்ப எல்லை, தண்டின் வேகம் எல்லாவற்றுக்கும் உட்பட்டு முதல் அசைவை மட்டும் செய்துவிட்டு, திரும்ப அளந்து திரும்பக் கணக்குப் போடும். மாதிரி பிழைத்தால் முடிவும் பிழைக்கும், எரிபொருள் பழசாகப் பழசாக மாதிரியையும் திருத்த வேண்டும்.

"கொஞ்சம் சூடு என்றால் கொஞ்சம் இறக்கு" என்பது போன்ற விதிகளால் இயங்கும் ஃபஸி லாஜிக்கை 1990களில் பெல்ஜியத்தின் பிஆர்-1 உலையில் முயன்று பார்த்தார்கள். விதிகளை மனிதர் வாசிக்கலாம், ஆனால் அவை பெருகிக்கொண்டே போகும்.

தானே கற்கும் நிரல்? 2022இல் கூகுளின் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான டீப்மைண்ட், சுவிற்சர்லாந்தில் அணுக்களை இணைக்கும் ஆய்வு உலை ஒன்றில் பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயுவை, வடிவமைத்துக் காட்டியது, அருமையான வேலை. ஆனால் அங்கே பிடி தவறினால் பிளாஸ்மா அணைந்துபோகும். அணுவைப் பிளக்கும் நமது வழமையான உலையை நிறுத்திய கணத்திலும் முழுச் சக்தியின் 6 சதவீதத்துக்கு மேல் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத ஒன்றின் கையில் தண்டைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் தெரிவு எம்பிசி. கற்கும் நிரல் உணரிகளைக் கவனித்து மாதிரியைத் திருத்தட்டும், அவசர நிறுத்தம் இரண்டுக்கும் வெளியே தனியாக இருக்கட்டும். அதற்கும் அடியில் இயற்பியல் வேண்டும்: 1986 ஏப்ரல் 3, அமெரிக்காவின் ஐடஹோவில் ஈபிஆர்-2 உலை முழுச் சக்தியில் ஓடும்போது தானியங்கி நிறுத்தத்தை முடக்கிவிட்டுக் குளிர்விக்கும் பம்புகளை நிறுத்தினார்கள். சூடேறச் சூடேற சக்தி தானாகவே இறங்கிவிட்டது.

இலங்கையிலும் சிறிய உலை பற்றிய பேச்சு அடிபடுகிறது. யாராவது விற்க வந்தால் நான் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: கரண்டும் போய், கணினியும் நின்றால், உலை எதனால் ஆறும்?