தொலைந்த டிஸ்க் திரும்பி வர எது வழி: மார்க்கரா, கியூஆர் ஸ்டிக்கரா, டீக்கடையா?

பிளாஸ்டிக் தட்டை (டிஸ்க்) வீசி, சங்கிலி தொங்கும் கூடையில் விழவைக்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ப். அதன் விதிப்புத்தகத்தைப் பொறுத்தவரை, தொலைந்த டிஸ்க்கின் கதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தேட ஆரம்பித்து மூன்று நிமிடத்துக்குள் கண்ணில் படவில்லை என்றால் அது தொலைந்ததாகக் கணக்கு. ஒரு வீச்சு அபராதம் ஏற்றுக்கொண்டு, முன்பு வீசிய இடத்திலிருந்தே மறுபடி வீச வேண்டும். ஆட்டம் அடுத்த சங்கிலிக் கூடையை நோக்கி நகர்ந்துவிடும். புதருக்குள் கிடக்கிற டிஸ்க் யார் கையில் சிக்கும், உரியவரிடம் எப்படி வந்து சேரும் என்பதெல்லாம் விதிகளின் கவலை இல்லை, நம் கவலை.

அமெரிக்காவில் ஒரு டிஸ்க் பெரும்பாலும் பத்து முதல் இருபது டாலருக்குள் கிடைத்துவிடும். இங்கே பிடித்த மாடலை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து விலை எங்கோ போய் நிற்கும். பணத்தைக்கூட விட்டுவிடலாம். மரத்தில் மோதி, தரையில் உரசித் தேய்ந்த டிஸ்க் புதியதைப்போலப் பறக்காது. அது பறக்கும் பாதையின் வளைவு மாறிவிடும். அந்த வளைவுக்குக் கை பழகிய பிறகு அதே மாடலை அதே எடையில் வாங்கினாலும் அது வேறு டிஸ்க்தான்.

பெங்களூரின் கனகபுரா சாலைப் பக்கம் ஒரு மாந்தோப்பில், தோப்புக்காரரின் அனுமதியோடு, மடித்து எடுத்துச் செல்லும் கூடைகளை நட்டு ஞாயிறு காலைகளில் ஆடுகிறோம். குழுவில் பெரும்பாலோர் தமிழர்கள். சென்னைக் கடற்கரையில், இரண்டு அணிகள் டிஸ்க்கை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஆடிப் பழகி, வேலைக்காகப் பெங்களூர் வந்தவர்கள் சிலர். ஹலசூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் சிலர். டிஸ்க்கை மீட்க எது நல்ல வழி என்பதில் ஆளுக்கொரு கட்சி. எல்லாக் கட்சிகளையும் கேட்டுவிட்டேன். நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: கண்டெடுக்கப் போகிறவர் யார்?

வெளிநாட்டில் புழங்கும் வழிகள் எல்லாம் ஒரு நினைப்பின் மேல் கட்டியவை. அங்கே நிலையான மைதானம் இருக்கும். உங்கள் டிஸ்க்கை எடுப்பவர் உங்களுக்குப் பின்னால் ஆடி வருகிற இன்னொரு ஆட்டக்காரராக இருப்பார். அவருக்கு அது என்ன பொருள், என்ன விலை, திருப்பிக் கொடுப்பதுதான் முறை என்பதெல்லாம் தெரியும். இங்கே எடுப்பவர் தோப்பில் களை பறிக்கிற அம்மா, ஆடு மேய்க்கிற பையன், பக்கத்து லேஅவுட்டின் காவலாளி, அல்லது சாக்கடை அடைப்பு எடுக்க வந்த பௌரகார்மிகர், அதாவது நகராட்சித் துப்புரவுப் பணியாளர். அவர் கண்ணுக்கு அது ஒரு பிளாஸ்டிக் தட்டு. தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகிவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்த அளவுகோலில் முதலிடம், எத்தனை பேர் பழைய முறை என்று சிரித்தாலும், பெர்மனென்ட் மார்க்கரில் எழுதிய கைபேசி எண்ணுக்குத்தான். களை பறிக்கிற அம்மாவுக்கும், அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த காவலாளிக்கும், நமக்கும் பொதுவாகப் படிக்கத் தெரிந்தது பத்து இலக்கம் மட்டுமே. பெயர் வேண்டியதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு தொலைபேசிப் படம் வரைந்தால் போதும், எதற்காக எழுதியிருக்கிறது என்பது விளங்கிவிடும். இடம் இருந்தால் கன்னடத்தில் ஒரு வரி சேர்க்கலாம்.

போட்டி ஆடுகிறவர்களுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. பிடிஜிஏ என்னும் தொழில்முறை டிஸ்க் கோல்ப் சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனி அடையாளம் இருந்தாக வேண்டும். அடையாளமில்லாத டிஸ்க்கை முதல் முறை வீசினால் எச்சரிக்கை, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு வீச்சு அபராதம். எண் எழுதியாயிற்று என்றால் அந்தக் கடமையும் தீர்ந்தது.

மார்க்கரின் எதிரி தேய்மானம். மலிவான பிளாஸ்டிக்கில் மை ஊறிப் பிடித்துக்கொள்கிறது. விலை உயர்ந்த, வழவழப்பான பிளாஸ்டிக்கில் மேலாகவே நிற்கிறது. ஈரப்புல்லும் வியர்வைக் கையும் மெல்ல அதைத் தின்றுவிடும். ஓர் இலக்கம் அழிந்தால் கண்டெடுத்தவர் முன்னால் பத்து எண்கள், இரண்டு அழிந்தால் நூறு. அவ்வளவு பொறுமை உள்ளவரை நான் பார்த்ததில்லை. ஆகவே எண்ணை இரண்டு இடத்தில் எழுதுங்கள்: அடிப்பக்கத்தில் நடுவே ஒன்று, விளிம்பின் உட்புறம் ஒன்று. மேற்பரப்பு மண்ணில் உரசும் அளவுக்கு அடிப்பக்கம் உரசாது. எழுதுவதற்கு முன் ஆல்கஹால் போட்டுத் துடைத்துக் காயவிட்டால் மை நன்றாகப் பிடிக்கும்.

இரண்டாவது குறை கொஞ்சம் கனமானது. எண்ணை ஊருக்குத் திறந்து வைப்பதில் எங்கள் குழுவின் பெண்களுக்கு விருப்பமில்லை, அது நியாயம்தான். யாரோ ஒருவர் நள்ளிரவில் அழைப்பார், வாட்ஸப் படத்தைப் பார்ப்பார், காலையில் வணக்கம் அனுப்புவார். ஒரு டிஸ்க்குக்காக அதைச் சகிக்க வேண்டிய தலையெழுத்து யாருக்கும் இல்லை. பழைய சாதாரண போன் ஒன்றில் பொது சிம் போட்டு, அதைக் குழுவில் ஒருவர் வைத்துக்கொள்வது என்ற ஏற்பாடு சரியாக நடக்கிறது. எல்லோருடைய டிஸ்க்கிலும் அதே எண்; யாருடையது என்று தெரிய ஓரத்தில் ஒரு குறி. ஆண்களும் இப்போது அதையே எழுதுகிறார்கள். கடன் வேண்டுமா என்று கேட்கும் அழைப்புகளே போதும் என்பது அவர்கள் வாதம்.

பிடிஜிஏ உறுப்பினர் எண்ணை மட்டும் எழுதும் கட்சி ஒன்று உண்டு. கௌரவமான கட்சி. 1976-ல் அந்தச் சங்கத்தைத் தொடங்கிய எட் ஹெட்ரிக்தான் முதலாம் எண் உறுப்பினர். சங்கிலிக் கூடையை வடிவமைத்தவரும் அவரே. 2002-ல் அவர் இறந்த பிறகு அவருடைய அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் வார்த்தார்கள். அப்படியொரு டிஸ்க் தொலைந்தால் என்ன செய்வது என்று சில சமயம் யோசிப்பேன். இருக்கட்டும். உறுப்பினர் எண்ணைச் சங்கத்தின் தளத்தில் தட்டினால் பெயரும் ஊரும் வரும். தொலைபேசி எண் வராது. தேடத் தெரிந்த ஆட்டக்காரருக்கே இரண்டு படி வேலை. ஆடு மேய்க்கிற பையனுக்கு அது ஏதோ தொழிற்சாலை முத்திரை. போட்டி விதியைத் தீர்க்கும், டிஸ்க்கைத் திருப்பாது.

கியூஆர் ஸ்டிக்கர்காரர்கள் எங்கள் குழுவில் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள். வேறு யாராக இருக்க முடியும்? வாதம் கேட்க அழகாக இருக்கிறது. எண் வெளியே தெரியாது. ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் திறக்கும், அதில் செய்தி விடலாம், எண் மாறினாலும் பக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம். அதிகபட்சப் பிழை திருத்தும் திறனோடு அச்சிட்டால் கட்டத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் சேதமானாலும் படிக்க முடியும். எல்லாம் உண்மை. ஆனால் பெங்களூரில் கியூஆர் கட்டம் என்றால் காய்கறி வண்டி முதல் ஆட்டோ வரை ஒரே பொருள்தான்: பணம் கட்டு. காவலாளி தன் பணப் பரிமாற்றச் செயலியைத் திறந்து ஸ்கேன் செய்வார், அது இந்தக் கட்டத்தை ஏற்காது, அவர் டிஸ்க்கை வைத்துவிட்டுப் போவார். இன்னும் விவரமானவர், தெரியாத கட்டத்தை ஸ்கேன் செய்தால் வங்கிக் கணக்கு காலியாகும் என்று கேள்விப்பட்டிருப்பார், தொடவே மாட்டார். இதற்கு மேல், கையில் தடவினால் தெரியும் கனத்துக்கு டிஸ்க் மேல் எதையாவது சேர்த்தால் அது போட்டிக்கு ஆகாது. தடித்த ஸ்டிக்கர் அந்த வம்பிலும் மாட்டும். சில காலம் கழித்து அந்த இணையப் பக்கத்துக்கு ஆண்டுச் சந்தா கட்ட மறந்துவிட்டால் கட்டம் வெறும் கோலம்.

இருக்கும் இடத்தைக் காட்டும் ஆப்பிளின் ஏர்டேக் வில்லையை ஒட்டலாமே என்பார்கள் சிலர். முதலில் வந்த ஏர்டேக்கின் எடை 11 கிராம், டிஸ்க்கின் மொத்த எடையே பெரும்பாலும் 175-க்குள். இந்தியாவில் அறிமுகமானபோது அதன் விலை 3,190 ரூபாய். டிஸ்க் தொலையும்போது அதுவும் சேர்ந்து தொலையும். அடுத்தது.

வாட்ஸப் குழு வேறு வகை. ஆட்டக்காரர் கையில் சிக்கிய டிஸ்க்குக்கு இதைவிட வேகமான வழி இல்லை. படம் போட்ட சில நிமிடத்தில் உரியவர் குதித்துவிடுவார். அங்கேதான் சிக்கலும். முழுப் படத்தையும் போட்டால் உரிமை கொண்டாட எவராலும் முடியும். நிறத்தை மட்டும் சொல்லி, மாடல் என்ன, எடை என்ன, அடியில் என்ன குறி என்று கேட்பது நல்ல பழக்கம். மற்றபடி, குழுவில் இல்லாதவர் எடுத்த டிஸ்க்குக்கு இந்த வழியால் ஒரு பயனும் கிடையாது. எங்கள் தோப்பில் தொலைவதில் பாதிக்கு மேல் அப்படிப்பட்டவை என்றே நினைக்கிறேன்.

அந்தப் பாதிக்கு விடை தோப்பு வாசலில் இருக்கும் டீக்கடை. அதன் உரிமையாளர் மண்டியாக்காரர், கன்னடம் கலந்த தமிழில் எங்களோடு பேசுவார். நாங்கள் அண்ணா என்போம், அவரும் எங்களை அண்ணா என்பார். வயதுக்கணக்கு இரு தரப்பும் பார்ப்பதில்லை. ஒரு பழைய டிஸ்க்கைக் கடையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு தோப்பில் வேலை செய்கிறவர்களுக்கு, இது குப்பை இல்லை, கேட்டு வருகிற ஆள் உண்டு என்பது தெரிந்துவிட்டது. வெளிநாட்டு மைதானங்களில் வைக்கும் தொலைந்த பொருள் பெட்டி செய்கிற வேலையை இந்தக் கடை செய்கிறது. பெட்டியை யாரும் திறந்து அள்ளிப் போகலாம். அண்ணனைத் தாண்டி யாரும் போக முடியாது. எழுத்து அழிந்த டிஸ்க்கும் இங்கே வந்துவிடும் என்பது இதன் தனிப் பலம். பலவீனம், இது ஓர் ஆளை நம்பிய ஏற்பாடு. அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் கடை மூடியிருக்கும். ஆடும் இடத்தை மாற்றினால் புதிதாக ஒருவரைப் பழக்க வேண்டும்.

சன்மானம் கொடுக்கலாமா? டிஸ்க்கிலேயே நூறு ரூபாய் தருவதாக எழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். சட்டம் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71, கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவருக்கு அதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் கடமையைத் தருகிறது. பிரிவு 168-இன்படி, உரிமையாளர் குறிப்பிட்ட சன்மானம் அறிவித்திருந்தால் அது கைக்கு வரும் வரை பொருளைத் தராமல் வைத்திருக்கலாம், வழக்கும் போடலாம். உரியவர் யாரென்று தெரிந்தும் நேர்மையில்லாமல் அமுக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 314 பாயக்கூடும். ஒரு டிஸ்க்குக்காக யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. எழுதிவிட்டுத் தராமல் நழுவக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். என் ஆட்சேபம் வேறு. தொகை எழுதப்பட்ட டிஸ்க்குகள், நாம் தேடிக்கொண்டிருக்கும்போதே பையன்களுக்கு மட்டும் கிடைக்காமல் போய், நாம் சலித்துத் திரும்பியதும் கிடைத்துவிடுகின்றன. எழுதாமல், கொண்டுவந்த பிறகு கொடுங்கள். டீக்கடையில் பன்னும் டீயும் நம் கணக்கில் என்று சொல்லி வைத்தாலே போதும்.

எனக்குத் தேறுவது இரண்டு: பொது எண்ணை மார்க்கரில் எழுதுவது, வாசலில் ஒருவரிடம் சொல்லி வைப்பது. வாட்ஸப் குழு கூடவே ஓடட்டும், செலவில்லை. தண்ணீரில் விழுந்ததற்கு மட்டும் இவை எதுவும் உதவாது. நல்ல பிளாஸ்டிக் பெரும்பாலும் மூழ்கிவிடும். ஏரியை ஒட்டி ஆடுவதென்றால் இன்னோவா என்னும் டிஸ்க் நிறுவனத்தின் டிராகன் போல மிதக்கும் டிஸ்க்கை எடுத்துப் போக வேண்டும். அல்லது பிடித்ததைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கிடைத்த டிஸ்க்கை ஊருக்குள் கொண்டு சேர்ப்பது தனி அலசல். கனகபுரா சாலையிலிருந்து ஒயிட்பீல்டுக்கு இருசக்கர வாகனத்தில் பார்சல் அனுப்பினால், ஆகும் செலவில் பழைய டிஸ்க் ஒன்றே வாங்கிவிடலாமோ என்று தோன்றும். அவசரமில்லாதவர்கள் அடுத்த ஞாயிறு வரை பொறுக்கலாம். பொறுக்க முடியாதவர்களுக்கு மெட்ரோ இருக்கிறது: சில்க் இன்ஸ்டிடியூட்டிலிருந்து பச்சைத் தடத்தில் ஒருவர், ஒயிட்பீல்டிலிருந்து ஊதாத் தடத்தில் இன்னொருவர், இரண்டும் சந்திக்கும் மெஜஸ்டிக்கில் கைமாற்றல். டிக்கெட் செலவு தொலைத்தவருடையது. எடுத்துக் கொடுத்தவரின் டிக்கெட்டும் அவர் தலையில்தான் என்று குழுவில் ஏகமனதாக முடிவாகியிருக்கிறது. டிஸ்க்கைத் தொலைத்த ஒருவர் மட்டும் வாக்களிக்கவில்லை.