தில்லானா மோகனாம்பாள்: நாதஸ்வரம் எங்க ஊருது

போன ஞாயிறு மதுரை செல்லூர் வீட்டில் அப்பத்தாவோடு உட்கார்ந்து 1968-ல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தை மறுபடி பார்த்தேன். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் தொடராக எழுதிய கதை, ஏ.பி.நாகராஜன் இயக்கம், கே.வி.மகாதேவன் இசை, இதெல்லாம் பலருக்கும் தெரியும். ஆனால் படத்தில் சிவாஜி நடித்த நாதஸ்வரக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் வாசிப்பதாக நாம் கேட்கும் நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது என்பது மதுரைக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது, அது எனக்கு ரொம்ப வருத்தம்.

இதைத் தெரிந்துகொண்டு ‘நகுமோமு’ கீர்த்தனை வரும் இடத்தைப் பாருங்கள். சிவாஜியின் விரல், கன்னம், மூச்சு வாங்கும் நேரம், கழுத்தில் புடைக்கும் நரம்பு எல்லாம் அந்த வாசிப்போடு ஒட்டி வரும். உறவில் நாதஸ்வரக்காரர்களைப் பார்த்து வளர்ந்த அப்பத்தாவே “நெசமா ஊதுறாருய்யா” என்றார்.

சண்முகசுந்தரத்துக்கும் பத்மினி நடித்த நாட்டியக்காரி மோகனாம்பாளுக்கும் உள்ள காதலும் அப்படித்தான், பேச்சில் இல்லை, கண்ணில்தான். ரயிலில் பாலையா நடுவில் இருக்க, சிவாஜியும் பத்மினியும் பார்த்துக்கொள்ளும் காட்சி ஒன்றே போதும். அப்புறம் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணி! படம் கொஞ்சம் நீளம்தான், சரி, இருக்கட்டும். நல்ல ஸ்பீக்கர் வைத்துப் பாருங்கள், போன் சத்தத்தில் அந்த நாதஸ்வரம் வீணாகிவிடும்.