குயில்ட்டுக்கு எது: சுத்தப் பருத்தியா, பாலி-காட்டனா?

துண்டுத் துணிகளை இணைத்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வைதான் குயில்ட். அதைத் தைப்பவர்கள் பலருக்கு, பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த பாலி-காட்டன் என்றாலே முகம் சுளிக்கும். நூறு சதவீதப் பருத்தி மட்டும்தான் என்பது இந்தக் கலையில் எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய சட்டைகள், சீருடைகள், படுக்கை விரிப்புகள் ஆகியவற்றில் பாதிக்கு மேல் கலப்புத் துணியாகத்தான் இருக்கும். அவற்றையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வெட்டுவதற்கென்றே புதுப் பருத்தி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காகக் கைக்குக் கிடைத்ததைக் கண்ட இடத்தில் வைத்துத் தைக்கலாம் என்றும் சொல்லமாட்டேன். மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி என்று குயில்ட்டில் மூன்று அடுக்கு. மேல்துணிக்கு உதவாத கலப்பு, அடித்துணியாக நன்றாகவே உழைக்கும்.

பாலி-காட்டன் என்பது ஒரே துணி அல்ல. 65 பங்கு பாலியெஸ்டர், 35 பங்கு பருத்தி என்பது சட்டைத் துணிகளில் அதிகம் காணும் கலவை. படுக்கை விரிப்புகளில் பாதிக்குப் பாதி சகஜம். பருத்தி 60, 80 என்று மேலோங்கி இருக்கும் கலவைகளும் உண்டு. எண்பது பங்கு பருத்தி உள்ள துணி கையில் பருத்தி போலவே நடந்துகொள்ளும்; 65 பங்கு பாலியெஸ்டர் உள்ளது தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும். ஆகவே 'கலப்பு' என்ற ஒரே சொல்லை வைத்து வேண்டும், வேண்டாம் என்று முடிவெடுப்பதில் பொருளில்லை.

இஸ்திரிப் பெட்டியின் கீழே

மேல்துணி விஷயத்தில் நான் பருத்தியின் பக்கம் நிற்பதற்குக் காரணம் இஸ்திரிதான். சாதாரணக் காற்றில் இருக்கும்போதே பருத்தி இழை தன் எடையில் சுமார் 8 சதவீத ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் பிடிப்பது 0.4 சதவீதம்தான். ஆவியும் சூடும் பட்டதும் பருத்தி இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் தளர்ந்து, ஆறும்போது புது வடிவத்தில் மறுபடி இறுகுகின்றன. அதனால்தான் விரல் நகத்தால் அழுத்தினாலே பருத்தியில் மடிப்பு நிற்கிறது. பாலியெஸ்டர் கலந்த துணியை ஆலையிலேயே அதிகச் சூட்டில் தட்டையாகப் பதப்படுத்திவிடுகிறார்கள். நம் இஸ்திரிச் சூட்டுக்கு அது எளிதில் மசியாது. சட்டையாக அணியும்போது கசங்காத அதே குணம், குயில்ட்டில் தையலைப் படியவிடாமல் தடுக்கிறது.

படியாவிட்டால் என்ன ஆகும்? ஒரு வரிசையில் 12 துண்டுகள் என்றால் இடையில் 11 தையல்கள். ஒவ்வொன்றும் சரியாகப் படியாமல் 1 மி.மீ. விழுங்கினால் வரிசை 11 மி.மீ. குறைந்துவிடும். பக்கத்து வரிசை பருத்தியில் தைத்ததாக இருந்தால் மூலைகள் சேரவே சேராது. கால் அங்குலத் தையல் விளிம்பை நம்பி நிற்கும் வேலையில் இது பெரிய அடி. நட்சத்திரம், சிறு முக்கோணம் என்று கூர்முனைகள் நிறைந்த வடிவம் என்றால் நான் யோசிக்காமல் பருத்தி என்றே சொல்வேன். பெரிய சதுரங்கள், நீளப் பட்டைகள் மட்டும் என்றால் கலப்பிலும் தாராளமாகத் தைக்கலாம்.

சூட்டையும் கவனிக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் மூன்று புள்ளி என்பது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ், பருத்திக்கானது. இரண்டு புள்ளி 150 டிகிரி, கலப்புக்கானது. பாலியெஸ்டர் உருகுவது 250 டிகிரியைத் தாண்டித்தான் என்றாலும், அதற்கு வெகு முன்பே துணியில் பளபளப்புத் தட்டிவிடும்; அது திரும்பப் போகாது. ஒரே கட்டத்தில் இரண்டையும் சேர்த்துத் தைத்தால் இரண்டு புள்ளியில்தான் தேய்க்க முடியும், அது பருத்திக்குப் போதாது. மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணியை விரித்து ஆவி விட்டுத் தேய்த்து, உடனே கனமான மரக்கட்டையை வைத்து ஆறும்வரை அழுத்தி வைத்தால் கலப்புத் தையலும் ஓரளவு படியும்.

துவைத்த பிறகு

முன்பே நனைக்காத பருத்தி, முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது வழக்கம். கலப்பு அவ்வளவு சுருங்காது. 60 அங்குலக் குயில்ட்டில் 4 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம். முழுக்கப் பருத்தி என்றால் இந்தச் சுருக்கமே ஓர் அழகு. தையல்களுக்கு நடுவே துணி மெல்லப் பொங்கி, பழைய குயில்ட்டின் தோற்றம் வந்துவிடும். முழுக்கக் கலப்பு என்றால் தட்டையாக, தைத்த அன்று இருந்தது போலவே இருக்கும். அதை விரும்புபவர்களும் இருக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. தகராறு வருவது இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது. பருத்தி இழுக்கும், கலப்பு அசையாது, தையலோரம் கோணலாகச் சுருக்கு விழும். கலந்தே தைப்பது என்று முடிவு செய்துவிட்டால், வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் வெந்நீரில் துவைத்து நன்றாக உலர்த்திவிடுங்கள்.

உழைப்பில் பாலியெஸ்டரின் கை ஓங்கியிருக்கிறது. உராய்வைத் தாங்கும், சீக்கிரம் காயும். ஆனால் மேற்பரப்பில் சின்னச் சின்ன உருண்டைகள் கிளம்பும். பருத்தியிலும் உருண்டை வரும், இழை பலவீனமானதால் தானே உதிர்ந்துவிடும். கலப்புத் துணியில் வலுவான பாலியெஸ்டர் இழை அந்த உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய்க் கறையும் வியர்வை வாடையும் பாலியெஸ்டரில் அதிகம் ஒட்டும், இது பலரும் கவனிக்காத குறை. வாரம் ஒருமுறை துவைக்கும் படுக்கைக் குயில்ட் என்றால் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போர்த்திப் படுக்கும்போது பருத்தி ஈரத்தை உறிஞ்சும். பாலியெஸ்டர் மிகுந்த துணி புழுக்கமாகவே இருக்கும்.

அடித்துணியும் கைத்தையலும்

அடித்துணியில் ஒட்டும் இல்லை, மூலை சேர்க்கும் வேலையும் இல்லை. அகலமான படுக்கை விரிப்பு ஒன்று கிடைத்தால் நடுவில் தையலே வராமல் முடிந்துவிடும். இங்கே கலப்புத் துணியை நான் மனதார ஆதரிக்கிறேன், மெஷினில் தைப்பதாக இருந்தால் மட்டும். கையால் தைப்பவர்கள் விரிப்புத் துணியின் நெருக்கமான நெசவில் ஊசியை ஏற்றி இறக்கி விரல் நொந்துபோவார்கள். மெல்லிய, சற்றே தளர்வாக நெய்த பருத்திதான் கைக்கு இதம். துணி ஒட்டுவேலையிலும் ஊசி முனையால் ஓரத்தை உள்ளே தள்ளும்போது பருத்தி மடங்கி நிற்கும், கலப்பு விரைப்பாக வெளியே எட்டிப் பார்க்கும்.

நினைவுக் குயில்ட் மட்டும் தனிக் கணக்கு. ஒருவர் அணிந்த சட்டைகளை வைத்துத் தைக்கும்போது துணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கு இல்லை, அந்தச் சட்டைதான் வேண்டும். பருத்திச் சட்டை, கலப்புச் சட்டை எல்லாவற்றுக்கும் பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கேன்வாஸை, குறைந்த சூட்டில் ஒட்டுவதாகப் பார்த்து, ஒட்டிவிட்டு வெட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே கனத்துக்கு வந்துவிடும். இழுபறி பெருமளவு அடங்கும். அன்போடு செய்யும் வேலைக்கு இந்தக் கூடுதல் உழைப்பு தகும்.

சூடான பாத்திரம் பிடிக்கும் துணி, மைக்ரோவேவில் வைக்கும் கிண்ண உறை இவற்றில் கலப்புக்குத் துளியும் இடம் கொடுக்காதீர்கள். நடுப்பஞ்சும் நூலும்கூடப் பருத்தியாகவே இருக்கட்டும். பருத்தி கருகும், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய துணியில் சீட்டு கிழிந்துபோய், என்ன கலவை என்று தெரியாவிட்டால், ஓரத்திலிருந்து ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் நிரம்பிய கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாடையும், தொட்டால் பொடியும் சாம்பல் நிறத் தூளும் வந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு, ஆறியதும் நகத்தால் நசுங்காத கறுத்த மணியாக நின்றால் பாலியெஸ்டர். சாம்பலுக்கு நடுவே கெட்டியான துணுக்குகள் நெருடினால் கலப்பு. துணுக்குகள் மிகுந்திருந்தால் அதை அடித்துணிக் குவியலில் சேர்த்துவிடலாம்.